நீரும் எலும்பும் எண்ணிக்கையும்

ஒரு சிற்றூரில் சில ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று இளையவர்களுக்குப் புற்றுநோய் கண்டுவிட்டால், ஊரார் பேச்சு வெகு விரைவில் தண்ணீரை நோக்கித் திரும்பிவிடும். முதியவரின் புற்றை வயதின் கணக்கிலோ புகையிலையின் கணக்கிலோ எழுதிவிட முடிகிறது. பதினைந்து வயதுப் பையனின் முழங்காலுக்கு மேல் வீங்கி எழும் கட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது? அவன் வாழ்ந்ததே கொஞ்ச காலம். அவன் செய்த பிழை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகவே காரணம் அவனுக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்று மனம் முடிவு கட்டுகிறது. பயிருக்கு அடித்த மருந்து, செல்பேசிக் கோபுரம், ஆலைப் புகை, குடிநீர் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன.

தருமபுரி மாவட்டத்தில் இந்தச் சந்தேகத்துக்குத் தனி எடை உண்டு. அங்கே நிலத்தடி நீர் ஏற்கனவே குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒன்று. ஃப்ளூரைடு மிகுந்த அந்நீர் தலைமுறைகளாகக் குழந்தைகளின் பற்களில் காவிநிறக் கறையாகப் படிந்திருக்கிறது. பெரியவர்களின் மூட்டுகளையும் முதுகெலும்பையும் இறுக்கியிருக்கிறது. எலும்புக்குள் புகுந்து தங்கிவிடும் ஒரு பொருள், எலும்பு விரைந்து வளரும் வயதில் அங்கே புற்றையும் தோற்றுவிக்குமா என்ற கேள்வியைக் கிராமத்து வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க ஆய்வகங்களிலும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட கேள்வி அது.

இக்கேள்வியின் வரலாற்றில் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் நோய் மிகுந்திருக்கிறதா என்று எண்ணிச் சொல்வதற்கு மருத்துவர்களும் கணிதவியலாளர்களும் பட்ட பாடு ஒன்று. ஐயமின்றித் தெரிந்துவிட்ட பிறகு அதன்மேல் செயல்படுவதற்குச் சமூகமும் அரசும் எடுத்துக்கொண்ட காலம் மற்றொன்று. தருமபுரியில் இவ்விரண்டு இழைகளும் பின்னிக் கிடக்கின்றன.

1

கதை தருமபுரிக்கு வடகிழக்கே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தொடங்குகிறது. 1937இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச்.ஈ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவரும் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். நெல்லூரின் சில கிராமங்களில் நடுவயதைக் கடந்தவர்களின் முதுகெலும்பு ஒரே கம்பியைப்போல் இறுகிக் குனியவும் திரும்பவும் முடியாமல் ஆகிவிடுவதையும், அதே கிராமங்களின் குழந்தைகளுக்குப் பற்களில் கறை படிந்திருப்பதையும் அவர்கள் விவரித்திருந்தனர். இரண்டுக்கும் காரணம் கிணற்றுநீரில் கரைந்திருந்த ஃப்ளூரைடு.

இந்தியாவில் மனிதர்களிடையே வட்டார நோயாக ஃப்ளூரோசிஸ் இருப்பதை நிறுவிய முன்னோடி ஆய்வு இது. எழுதியவர்களும் எளியவர்கள் அல்லர். ஷார்ட் பின்னர், 1948இல், மலேரியாக் கிருமி மனித உடலில் கல்லீரலில் தங்கி வளரும் கட்டத்தை கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர். பண்டிட் சுதந்திர இந்தியாவின் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கு முதல் இயக்குநராக அமர்ந்தவர். 1940இல் பண்டிட்டும் ராகவாச்சாரியும் பிறருடன் சேர்ந்து இன்னும் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். உணவில் போதாமை உள்ள ஏழைகளிடம் இந்நோய் கடுமையாக வெளிப்படுகிறது என்ற முக்கியமான அவதானிப்பு அதில் இருந்தது.

ஆக, நோய் எது, காரணம் எது, யாரை அதிகம் தாக்குகிறது என்ற மூன்றும் 1940க்குள் தெரிந்துவிட்டன. தெரிந்த இடம் தொலைவிலுள்ள ஏதோ ஒரு நாடு அல்ல, கிண்டி. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2

தருமபுரி 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இரண்டு மாவட்டங்களுமே பழம்பாறைகளின் நிலம். சார்னோகைட், நைஸ், கிரானைட் ஆகிய கடும்பாறைகளின் வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் தேங்கி நிற்கிறது. இப்பாறைகளிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு முதலிய கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு. நீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை கூடியிருந்தால் ஃப்ளூரைடு எளிதில் கரைந்து வெளியேறுகிறது. மழை குறைந்த மண்ணில் நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடுகிறது. உறவு நீள நீள, நஞ்சு கூடுகிறது.

இந்த இயற்கைக் குறையோடு ஒரு மனித முயற்சியும் சேர்ந்துகொண்டது. 1960களின் பிற்பகுதியில் ஏற்பட்ட வறட்சிக்குப் பிறகு இந்தியா முழுவதும் கடும்பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் யுனிசெஃப் உதவியுடன் வரத் தொடங்கின. 1970களில் இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு உருவாக்கப்பட்டு, அதன் சோதனை ஓட்டம் கோவை வட்டாரத்தில் நடந்தது. திறந்த கிணறும் குட்டையும் தந்த காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் லட்சக்கணக்கான குழந்தைகளை அந்தக் கைப்பம்பு காப்பாற்றியது. அதில் ஐயமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக, கிருமியற்று வந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பின்னரே வந்தது. கிருமிக்குப் பரிசோதனை செய்தவர்கள் கல்லுக்குப் பரிசோதனை செய்யவில்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. தருமபுரியின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

பல்லில் எனாமல் உருவாகும் பருவம் பிறப்பிலிருந்து ஏறத்தாழ எட்டு வயதுவரை. அந்த ஆண்டுகளில் குடித்த நீர் என்ன என்பதைப் பல் வாழ்நாள் முழுவதும் எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கோடுகள், பிறகு காவிக்கறை, கடைசியில் பொடிந்து குழிவிழும் பரப்பு. எட்டு வயதுக்குப் பிறகு ஊர் மாறினாலும் அந்தக் கறை மாறாது. பள்ளியில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு இது வெறும் அழகுக் குறை அல்ல. வரன் பார்க்க வருபவர்களும் வேலைக்கு நேர்முகம் காண்பவர்களும் பார்க்கும் முதல் அடையாளம் அது. எலும்பில் நடப்பதை வெளியிலிருந்து காண முடியாது. பல்லில் தெரிவது எலும்பில் நடந்துகொண்டிருப்பதன் முன்னறிவிப்பு மட்டுமே.

3

இங்கேதான் புற்றுநோய் என்ற சந்தேகம் உள்ளே நுழைகிறது. உடலுக்குள் செல்லும் ஃப்ளூரைடில் தங்கிவிடும் பகுதி பெரும்பாலும் எலும்பையே சேர்கிறது. எலும்பை உருவாக்கும் செல்களை அது தூண்டுகிறது. ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று அந்தச் செல்களிலிருந்தே பிறக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில், உயரம் விரைந்து கூடும் ஆண்டுகளில், முழங்காலுக்கு அருகே. பெண்களைவிட ஆண்களிடம் சற்றே அதிகம். இந்தச் செய்திகளை ஒரே வரிசையில் வைத்தால் ஐயம் தானாக எழும்.

1990இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கு சோடியம் ஃப்ளூரைடு கலந்த நீரை இரண்டாண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. ஃப்ளூரைடு கொடுக்கப்படாத 80 ஆண் எலிகளில் ஒன்றுக்கும் எலும்புப் புற்று இல்லை. மிக அதிக அளவு கொடுக்கப்பட்ட 80 ஆண் எலிகளில் மூன்றுக்கு வந்தது. பெண் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அப்படி எதுவும் தெரியவில்லை. "இரண்டுங்கெட்டான் சான்று" என்று பொருள்படும் சொல்லாலேயே ஆய்வாளர்கள் அதை வகைப்படுத்தினர். எண்பதில் மூன்று என்பதை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல இயலாது, இல்லை என்றும் சொல்ல இயலாது.

2006இல் ஹார்வர்டைச் சேர்ந்த எலிஸ் பாசினும் சக ஆய்வாளர்களும் இருபது வயதுக்குட்பட்ட 103 நோயாளிகளையும், ஒப்பீட்டுக்காக 215 பேரையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எந்த வயதில் எந்த ஊரின் நீரைக் குடித்தார்கள் என்று கணக்கிட்டனர். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஃப்ளூரைடு மிகுந்த நீரைக் குடித்த சிறுவர்களிடம் பிற்காலத்தில் ஆஸ்டியோசர்கோமா கூடுதலாகத் தெரிந்தது. சிறுமிகளிடம் தெரியவில்லை. இது எதிர்பார்த்தபடி பெரும் சர்ச்சையானது. 2011இல் வெளியான மற்றொரு ஹார்வர்ட் ஆய்வு நினைவையும் முகவரியையும் நம்பாமல் எலும்புத் துண்டிலேயே ஃப்ளூரைடை அளந்தது. எலும்புப் புற்று கண்ட 137 பேருக்கும் வேறு கட்டிகள் கொண்ட 51 பேருக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 2014இல் பிரிட்டனில் 1980 முதல் 2005 வரை ஐம்பது வயதுக்குள் பதிவான 2,566 ஆஸ்டியோசர்கோமா நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்விலும் குடிநீர் ஃப்ளூரைடோடு தொடர்பு காணப்படவில்லை.

இன்றுள்ள சான்றுகளின் சாய்வு 'இல்லை' என்ற பக்கம்தான். ஆனால் தருமபுரிக்காரர் இந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் குடித்தது பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டிய அல்லது அதற்கும் குறைந்த அளவுள்ள நீர். பல இடங்களில் பற்சிதைவைத் தடுக்கவென்று அளந்து சேர்க்கப்பட்டது. அதைப்போல் சில மடங்கு செறிவுள்ள நீரை, கோடை வெயிலில், வயலில் உழைத்துக்கொண்டு, நாளுக்குப் பல லிட்டர் குடித்து வளர்ந்த உடல்களைப் பற்றிய விடையை அந்த ஆய்வுகளிலிருந்து அப்படியே இறக்குமதி செய்துகொள்ள முடியாது. விடை இங்கேதான் எண்ணப்பட வேண்டும். எண்ணுவது எப்படி?

4

புற்றுநோய்க்கும் சூழலுக்குமான உறவை முதன்முதலில் கண்டு சொன்னதாக மருத்துவ வரலாறு குறிப்பது லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவரை. குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டச் சின்னஞ்சிறு பையன்கள் அன்று பயன்படுத்தப்பட்டனர். அவர்கள் வளர்ந்தபின் விதைப்பையின் தோலில் புற்று வருவதை 1775இல் அவர் எழுதினார். வேறு யாருக்கும் அநேகமாக வராத நோய், ஒரே தொழில் செய்த எல்லோரையும் மிரட்டும் நோய். எண்ணிப் பார்க்காமலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அப்பட்டமான உறவு அது. கரியிலுள்ள எந்த வேதிப்பொருள் காரணம் என்று தெரிய 1930கள் வரை ஆனது. ஆனால் டென்மார்க்கின் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் 1778லேயே தன் உறுப்பினர் தினமும் குளிக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. இங்கிலாந்திலோ பையன்களை ஏற்றும் வழக்கம் திடமான சட்டத்தால் ஒழிய 1875 ஆக வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகள்.

இருபதாம் நூற்றாண்டில் வந்த கேள்விகள் இவ்வளவு எளியவை அல்ல. 1957க்கும் 1960க்கும் இடையில் சிகாகோவின் புறநகரான நைல்ஸில் எட்டுக் குழந்தைகளுக்கு ரத்தப்புற்று வந்தது. பெரும்பாலோர் ஒரே தேவாலயப் பள்ளியோடு தொடர்புள்ளவர்கள். தொற்றுநோய்த் துறையினர் வந்து துருவினர். காரணம் கிடைக்கவில்லை.

பாஸ்டனுக்கு வடக்கே வோபர்ன் என்ற ஊரில் ஆன் ஆண்டர்சன் என்ற தாய், 1972இல் தன் மகனுக்கு ரத்தப்புற்று என்று தெரிந்தபின், அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே நோயைக் கண்டு, நகராட்சிக் குடிநீரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அவர் கேள்வியை யாரும் பொருட்படுத்தவில்லை. 1979இல் தற்செயலாக, புதைக்கப்பட்ட 184 கழிவுப் பீப்பாய்கள் அங்கே அகப்பட்டன. அதையடுத்து ஊரின் இரண்டு கிணறுகளில் தொழிற்சாலைக் கரைப்பான்கள் கலந்திருப்பது தெரிந்து அவை மூடப்பட்டன. 1969 முதல் 1979 வரை அவ்வூரில் எதிர்பார்க்கத்தக்க குழந்தை ரத்தப்புற்று 5.3, உண்மையில் வந்தது 12 என்று 1981இல் அரசு அறிக்கை கூறியது. வழக்கில் ஒரு நிறுவனம் 1986இல் 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கருவுற்றிருந்தபோது அக்கிணற்று நீரைக் குடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கே ஆபத்து கூடியிருந்தது என்று மாநில சுகாதாரத் துறை நிறுவ 1997 ஆனது.

பிரிட்டனில் செல்லஃபீல்டு அணுநிலையத்தை ஒட்டிய சீஸ்கேல் கிராமத்தில் இளையோரிடம் ரத்தப்புற்று மிகுந்திருப்பதை 1983இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டு சர் டக்ளஸ் பிளாக் குழு, எண்ணிக்கை அசாதாரணமானதுதான், ஆனால் வெளியான கதிர்வீச்சு அதை விளக்கப் போதாது என்றது. 1990இல் மார்ட்டின் கார்ட்னர், தந்தையர் பணியில் பெற்ற கதிர்வீச்சே காரணம் என்ற கருத்தை முன்வைத்தார். பிந்தைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. தனித்திருந்த கிராமத்தில் திடீரென்று வெளியூர்க்காரர்கள் வந்து கலக்கும்போது பரவும் ஏதோ ஒரு தொற்று காரணமாகலாம் என்ற லியோ கின்லனின் கருதுகோளும் விவாதத்தில் இருக்கிறது.

இவற்றை அருகருகே வைக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. மக்கள் கண்ட திரள் சில சமயம் உண்மையானது. ஆனால் திரள் உண்மையானாலும் காரணம் எளிதில் அகப்படுவதில்லை. அமெரிக்காவில் இருபது ஆண்டுகளில் நடந்த 428 உள்ளூர் விசாரணைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அவற்றில் ஆராயப்பட்ட 567 புற்றுநோய் ஐயங்களில் 72இல் மட்டுமே எண்ணிக்கை உண்மையாகக் கூடியிருந்தது. மூன்றில் மட்டும் ஏதோ ஒரு மாசோடு ஒருவாறு தொடர்புபடுத்த முடிந்தது. தெளிவான காரணம் கிடைத்தது ஒரே ஒரு விசாரணையில்.

5

ஏன் இப்படி? சுவரில் கண்டபடி சுட்டுவிட்டு, குண்டுகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றிப் பிறகு வட்டம் வரைந்து, குறி தப்பவில்லை என்று சொல்பவனின் கதையைப் புள்ளியியலார் சொல்வதுண்டு. ஊர் எல்லையை, ஆண்டுகளை, நோய் வகையை எல்லாம் நோயாளிகளைக் கண்டபின் தீர்மானித்தால் எங்கும் ஒரு திரளைக் காட்டிவிடலாம்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 பேருக்கு ஏதேனும் ஒரு புற்று வருகிறது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டால், ஆயிரம் குழந்தைகள் உள்ள ஓர் ஊராட்சியில் பத்தாண்டுக்கு ஒரு குழந்தை. மூன்றாண்டுக்குள் மூன்று குழந்தைகளுக்கு வந்துவிட்டால் ஊர் கலங்கிப் போகும். கலங்குவதுதான் மனித இயல்பு. ஆனால் தமிழகத்தின் சுமார் 12,500 ஊராட்சிகளும் இதே அளவு என்று வைத்துக்கொண்டு நிகழ்தகவைக் கணக்கிட்டால், எந்த நஞ்சும் இல்லாமலே, வெறும் தற்செயலாக, ஏறத்தாழ 45 ஊராட்சிகளில் அப்படி நிகழும். அந்த 45இல் ஒன்று உண்மையிலேயே நஞ்சால் விளைந்ததா என்று ஊருக்குள் நின்று பார்த்து அறிய வழியில்லை.

ஆஸ்டியோசர்கோமா இன்னும் அரிது. இருபது வயதுக்குள் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு நான்கைந்து பேர். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 15,06,843. அதில் மூன்றிலொரு பங்கு இருபது வயதுக்குட்பட்டவர் என்று கொண்டால் மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு இரண்டு பேர் எதிர்பார்க்கத்தக்கவர். ஃப்ளூரைடு இந்நோயை இரட்டிப்பாக்கினாலும் அது நான்காகும். பத்தாண்டில் 20க்குப் பதில் 40. ஒருவர்கூட விடாமல் மாவட்டம் முழுவதும் பத்தாண்டு எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியும். ஒரு தனி ஊராட்சியில் ஏறத்தாழ 200 ஆண்டுக்கு ஒருவர் என்பதால், அங்கே அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஆகவே, சந்தேகம் எழுந்தபின் ஓடிப்போய் எண்ணுவதில் பயன் குறைவு. சந்தேகம் எழுவதற்கு முன்பே, யாரையும் குற்றம் சாட்டும் நோக்கமின்றி, வருடந்தோறும் சலிக்காமல் எண்ணி வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர்தான் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு.

6

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறும் ஓர் இளம் பெண்ணின் மரணத்தில் தொடங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் குடல் புற்றுக்குப் பலியானார். அந்நோய் முதலில் சீதபேதி என்று தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. அந்த மரணத்தின் நினைவே முப்பது ஆண்டுகள் கழித்து, 1954இல், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையமாக உருக்கொண்டது. 1981இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 1963 முதல் இயங்கிவந்த பம்பாய்ப் பதிவேட்டோடு சென்னையும் பெங்களூரும் சேர்க்கப்பட்டன. சென்னை மாநகரின் பதிவேடு அடையாறு நிலையத்தின் பொறுப்பில் வந்தது. கிராமப்புறத்தைப் பொறுத்தவரை திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு ஒரு பதிவேடு உருவானது. 2012இல்தான் மாநில அரசும் அடையாறு நிலையமும் இணைந்து எல்லா மாவட்டங்களுக்கும் பதிவேட்டுப் பணியை விரித்தன. தருமபுரியும் அப்போது கணக்கில் வந்தது.

இந்த தாமதத்தின் பொருளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பென்னாகரத்துச் சிறுவனுக்கு எலும்புப் புற்று என்றால் அவனைச் சேலத்துக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் கொண்டுபோவார்கள். பெங்களூர் மருத்துவமனையில் அவனுக்கு ஒரு கோப்பு இருக்கும். ஆனால் பெங்களூர் நகரின் பதிவேடு பெங்களூர்வாசிகளை மட்டுமே எண்ணும். அது அதன் விதி, சரியான விதியும்கூட. அவன் சொந்த மாவட்டத்தில் பதிவேடு இல்லாத காலத்தில் அவன் எந்த ஊரின் கணக்கிலும் சேராதவன். சிகிச்சை பெற்றிருப்பான், பணம் கரைந்திருக்கும், காலை இழந்திருப்பான் அல்லது உயிரையே. எண்ணிக்கையில் மட்டும் அவன் இருக்கமாட்டான்.

முன்கூட்டியே எண்ணி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், நம் மணவாளக்குறிச்சியைப்போலவே, தோரியம் கலந்த மோனசைட் மணல் இயற்கையாகக் கதிர்வீசுகிறது. அங்கே புற்று அதிகம் என்ற பேச்சு பல காலமாக உண்டு. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1990இல் அங்கே பதிவேட்டைத் தொடங்கி, வீடு வீடாகச் சென்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களையும் வீடுகளின் கதிர்வீச்சளவையும் சேகரித்தது. அவர்களில் முப்பது வயதைக் கடந்த 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து, 1,379 புற்றுநோய்களைப் பதிவு செய்து, கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்று கூடவில்லை என்று 2009இல் முடிவு வெளியிட்டது. அந்த 'இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் இருபதாண்டு உழைப்பு இருக்கிறது. அதிகாரி ஒருவர் அச்சப்பட வேண்டாம் என்று மேசையிலிருந்து சொல்லும் 'இல்லை'யும் இதுவும் ஒன்றல்ல.

7

இனி மற்ற இழைக்கு வருவோம். கிண்டி ஆய்வாளர்கள் எழுதிய ஆண்டு 1937. ஃப்ளூரைடை நீக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் பயன்படுத்தும் நல்கொண்டா முறையை நாக்பூரின் தேசியச் சூழல் பொறியியல் ஆய்வு நிலையம் உருவாக்கியது 1970களில். ஃப்ளூரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது 2008-09இல். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில், நோய் முதலில் கண்டறியப்பட்ட அதே நெல்லூரும் இருந்தது. இடைவெளி எழுபது ஆண்டுகளுக்கு மேல்.

தருமபுரிக்கு மாற்று நீர் என்றால் அது காவிரி. மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஒகேனக்கல்லில் அது ஆர்ப்பரித்து விழுந்துகொண்டே இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு மத்திய அரசின் இசைவு 1998இல் கிடைத்தது. ஜப்பானியக் கடனுதவியோடு அடிக்கல் நாட்டப்பட்டது 2008 பிப்ரவரியில். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து இரு மாநிலங்களிலும் பதற்றம் பரவ, கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்படும் என்று முதல்வர் கருணாநிதி ஏப்ரலில் அறிவிக்க நேர்ந்தது. பிறகு பணிகள் நடந்து 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். செலவு 1,928.80 கோடி ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் இதன் வரம்புக்குள் வந்தன. ஒரு நோயின் பெயரையே தன் பெயரில் கொண்ட குடிநீர்த் திட்டம் வேறெங்கும் எளிதில் காணக்கிடைப்பதல்ல.

இந்தக் கால வரிசையைப் புற்றுநோய்ச் சந்தேகத்தின் பக்கத்தில் வைத்தால் நம் மனப்போக்கு ஒன்று வெளிப்படுகிறது. புற்று என்ற சொல்லுக்கு உள்ள அச்சம் வேறெந்த நோய்க்கும் இல்லை. ஒரு வட்டாரத்தில் நான்கு இளைஞர்களுக்குப் புற்று என்றால் பத்திரிகையாளர் வருவார், விசாரணைக் குழு வரும், நீரை மாதிரியெடுப்பார்கள். ஒரு வகுப்பறையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை என்பது செய்தியாகாது. அந்தக் கறைக்கு யாரும் சாவதில்லை. நாற்பது வயதில் குனிந்து நாற்று நட முடியாமல் போகிறவர் அதற்குரிய பெயர் தெரியாமலே வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். நிரூபிக்கப்படாத கொடிய நோய் விசாரணையைப் பெறுகிறது; நிரூபிக்கப்பட்ட மெல்லிய நோய் பொறுமையைப் பெறுகிறது.

தண்ணீரைப் பற்றிய முடிவெடுக்க எலும்புப் புற்றின் கணக்கு தேவையே இல்லை என்பதுதான் இந்த வரலாறு சொல்வது. பல்லே போதுமான சாட்சி. பல் ஒரு பதிவேடு. கருநாகப்பள்ளியில் இருபதாண்டு உழைத்துப் பெற்ற துல்லியத்துக்கு நிகரான ஒன்று தருமபுரியின் ஒவ்வொரு பள்ளியிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. டென்மார்க்கின் தொழிலாளர் சங்கம் வேதிப்பொருளின் பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் குளிக்கச் சொன்னதுபோல, ஆழ்துளைக் கிணற்றை மாற்றச் சொல்ல 1940இன் அறிவே போதுமானதாக இருந்தது.

அதனால் புற்றுநோய்க் கேள்வி வீணான கேள்வி என்று ஆகிவிடாது. மகனை இழந்த தாய்க்கு விடை பெற உரிமை உண்டு. 'நிகழ்தகவின்படி இது தற்செயல்' என்ற வாக்கியம், எண்ணாதவர் வாயிலிருந்து வந்தால், அவமதிப்பு. எண்ணியவர் வாயிலிருந்து வந்தால் மட்டுமே அது அறிவு. அந்தத் தகுதியை நாம் இப்போதுதான் பெறத் தொடங்கியிருக்கிறோம். 2012இல் மாவட்டத்துக்குப் பதிவேடு வந்தது. 2013இல் காவிரி நீர் வந்தது. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தது திட்டமிடாமல் வாய்த்த நல்வாய்ப்பு. 2013க்குப் பின் பிறந்தவர்களில் மூத்த குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அவர்கள் பதின்பருவத்தின் வாசலில் நிற்கிறார்கள். எந்த ஊரில் குழாய்நீர் ஒழுங்காக வருகிறது, எந்த ஊரில் கோடையில் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புகிறார்கள் என்பதை அவர்கள் பற்கள் இப்போதே சொல்லும். ஊர்ப்பெயரும் பிறந்த ஆண்டும் பிழையின்றிக் குறிக்கப்படும் பதிவேடாக இருந்தால், எலும்புப் புற்றைப் பற்றிய விடையை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது சொல்லக்கூடும். அநேகமாக அந்த விடை 'இல்லை' என்றே இருக்கலாம். அப்படி இருந்தாலும், பெங்களூரிலோ சென்னையிலோ சிகிச்சை பெறும் தருமபுரிப் பிள்ளையின் பெயருக்கு நேரே அவன் ஊர்ப்பெயரைச் சரியாக எழுதிவைக்கும் அந்தக் குமாஸ்தாவின் வேலை சிறியதல்ல.